நோவாக்களில் லித்தியம் தோன்றும் வகை

மங்கலாகத் தோன்றும் விண்மீன் ஒன்று, ஓரிரு நாட்களில் பல்லாயிரம் மடங்கு ஒளி பெறுவதுண்டு. இதற்கு நோவா என்று பெயர். இவ்வெடிப்பில் விண்மீன் அழிவதில்லை. அதன் மேலுறை மட்டுமே வீசியெறியப்படுகிறது.

வெண்குறுமீன் எனப்படும் அடர்ந்த விண்மீன், தன் துணைமீனிலிருந்து ஹைட்ரஜன் மிகுந்த வாயுவை ஈர்த்துக்கொள்கிறது. வாயு படியப்படிய அடித்தளத்தில் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. மிகவும் நெருக்குண்ட அவ்வாயு, சூடேறியும் உடனே விரிவதில்லை. ஆகவே அணுக்கரு வினைகள் கட்டுக்கடங்காது விரைந்து, வெப்பநிலை 10 கோடி கெல்வினையும் கடக்கிறது.

அந்த உலைக்குள் நிகழ்வதை நேரில் காண இயலாது. எனவே அறிஞர்கள் கணிப்பொறியில் அதற்குக் கணித மாதிரி அமைக்கின்றனர். வாயு உறையைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் கொண்டு, ஒரு வகை அணுக்கரு மற்றொன்றாக மாறும் வேகத்தைப் படிப்படியாகக் கணக்கிடுகின்றனர். இவ்வேகங்களுட் பல, ஆய்வுக்கூடங்களில் துகள் முடுக்கிகளைக்கொண்டு அளக்கப்பட்டவை. ஏனையவை கோட்பாட்டின் வழியே மதிப்பிடப்பட்டவை.

நோவாக்களில் லித்தியம் தோன்றக்கூடும் என்று 1970-களிலேயே இத்தகைய கணக்குகள் காட்டின. ஹீலியம்-3, ஹீலியம்-4 ஆகிய இரண்டும் இணைந்து பெரிலியம்-7 ஆகின்றன. அது 53 நாட்களுக்கொருமுறை பாதியாகக் குறைந்து, லித்தியம்-7 ஆக மாறுகிறது. லித்தியமோ ஏறத்தாழ 25 லட்சம் கெல்வினிலேயே சிதைந்துவிடும். ஆதலால் பெரிலியம் விரைவில் குளிர்ந்த வெளிப்புறத்தை அடைந்தாலன்றி லித்தியம் எஞ்சாது.

இதற்குச் சான்று 2013-இல் கிடைத்தது. அவிட்ட மீன்கள் அடங்கிய டெல்பினஸ் மண்டலத்தில், அவ்வாண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் ஒரு நோவா கண்டுபிடிக்கப்பட்டது. அது வெறுங்கண்ணுக்கும் புலப்பட்டது. சில வாரங்களுக்குப் பின், ஹவாய்த் தீவிலுள்ள ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி அதன் நிறமாலையைப் பதிவுசெய்தது. 313 நானோமீட்டர் அருகே, புற ஊதாப் பகுதியில், பெரிலியம்-7-க்குரிய கோடுகள் காணப்பட்டன. இவ்வாய்வு 2015-இல் வெளியாயிற்று. நெடுங்காலம் நிலைத்திராத அவ்வணுக்கரு அங்கு இருந்ததெனில், அது அவ்வெடிப்பிலேயே பிறந்ததாதல் வேண்டும்.

எனினும் கணக்கு முற்றும் பொருந்தவில்லை. அந்நோவாவிலும் பின்னர் ஆராயப்பட்ட வேறு சிலவற்றிலும், காணப்பட்ட பெரிலியத்தின் அளவு மாதிரிகள் கூறியதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. கணிப்பு மெய்யானது, அளவு பிழைத்தது. வாயுவின் சேர்க்கை, அடுக்குகள் கலக்கும் முறை முதலியவற்றை அறிஞர் மீண்டும் ஆராய்ந்து வருகின்றனர்.

இன்று மின்கலங்களில் பயன்படும் லித்தியத்தின் ஒரு பங்கு, சூரியன் தோன்றுமுன்னர் வெடித்த நோவாக்களில் பிறந்திருத்தல் கூடும். அப்பங்கு எவ்வளவு என்பதை, இக்கணக்கு திருந்திய பின்னரே உறுதியாகக் கூற இயலும்.