நூல் ஒன்று பிறந்து வளரும் விதம்



பேசும் சொல் காற்றோடு கலந்து மறைகின்றது. எழுதும் சொல்லோ தாளில் தங்குகின்றது. எனினும், எழுதப்பட்டவை யாவும் நிலைத்துவிடுவதில்லை. எழுதியது அச்சேற வேண்டும். அச்சேறியது படிப்போர் கைக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு சென்றது பின்வரும் தலைமுறைக்காகக் காக்கப்படவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நூல் மறைந்துபோகும். எழுத்தாளராக விரும்புவோர் இதனை இளமையிலேயே அறிந்துகொள்ளுதல் நன்று.

நம் சிங்கப்பூரில் தமிழ் அச்சுப்பணி நூறாண்டைக் கடந்தது. 1887ஆம் ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' இங்கு அச்சாகி வெளிவந்தது. அக்காலத்துத் தமிழர் தொகையோ சிறிது. அவருள் எழுத்தறிந்தோர் தொகை அதனினும் சிறிது. இருந்தும் அப்பெரியோர் எழுதினர், அச்சிட்டனர். அவர்தம் வழியில் ஒரு நூல் எவ்வாறு உருவாகின்றது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

எழுதுதல்

எழுதப் புகுவோர் முதலில் தாம் நன்கறிந்த பொருளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காணாத காட்டையும் அறியாத அரசனையும் பற்றி எழுதுவதினும், கண்டறிந்த கேலாங்கைப் பற்றி எழுதுவது எளிது, சிறப்புமாகும். எண்ணிட்ட லோரோங்குகள், டுரியான் கடைகள், நோன்பு மாதத்தில் ஒளிவெள்ளத்தில் மிதக்கும் கேலாங் சிராய் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குப் பொருளாகும். இன்று கேலாங் ஈஸ்டில் உள்ள சிவன் கோயில் முன்பு ஆர்ச்சர்ட் சாலையில் இருந்தது. 1983இல் அங்கிருந்து பெயர்ந்து, சிராங்கூன் சாலையில் சில ஆண்டுகள் தங்கி, 1993இல் இங்கு வந்தமர்ந்தது. பழைய கோயிலில் வழிபட்ட தாத்தாவும் பாட்டியும் உங்கள் இல்லத்திலேயே இருக்கக்கூடும். அவர்களைக் கேட்டு இன்றே எழுதிவைக்காவிட்டால் அச்செய்தி அவர்களோடு மறைந்துவிடும்.

எழுதும் கலை பயிற்சியால் வருவது. 1950ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் இதழின் வாயிலாகவே சிறுகதை எழுதும் முறையைக் கற்பித்தனர். மலாயாவின் இளம் எழுத்தாளர் பலர் அதில் பயின்றனர். ஆசிரியரும் மாணவரும் நேரில் காணாமலே நடந்த வகுப்பு அது!

திருத்துதல்

முதற்படியே முடிந்த படி ஆகாது. எழுதியதைச் சில நாள் ஒதுக்கி வைத்துப் பின்னர் வாய்விட்டுப் படியுங்கள். நாக்குத் தடுமாறும் இடத்தில் வாக்கியமும் தடுமாறுகின்றது என்று கொள்ளுங்கள். தேவையற்ற சொல்லை நீக்குங்கள். சந்திப் பிழை களையுங்கள். பிறரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுத்தாள்களை அவர் எழுத்தெழுத்தாகத் திருத்தினார். அச்சில் ஒரு பிழை நுழைந்தால் அது ஆயிரம் படிகளிலும் நுழையும் என்பதை நினைவில் வையுங்கள்.

அச்சிடுதல்

அச்சிடப் பணம் வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் படிப்போர் தொகை பெரிதன்று. ஆதலால் எழுத்தாளர் பலர் தம் கைப்பொருளையே செலவிடுகின்றனர். படிகளை மிகுதியாக அச்சிட்டுவிட்டுக் கட்டிலின் அடியில் அடுக்கிவைப்பதினும், அளவாக அச்சிட்டு யாவற்றையும் வாசகரிடம் சேர்ப்பது அறிவுடைமை. ஒவ்வொரு நூலிலும் ஆசிரியர் பெயர், பதிப்பாளர் பெயர், ஆண்டு, விலை ஆகியன இடம்பெற வேண்டும். பதின்மூன்று இலக்கம் கொண்ட அனைத்துலகத் தர நூல் எண்ணும் வேண்டும். இங்கு அதனைத் தேசிய நூலக வாரியம் வழங்குகின்றது. பிறர் வரைந்த படத்தையோ எழுதிய பாடலையோ அவர் இசைவின்றிச் சேர்த்தல் கூடாது.

பரப்புதல்

தம் நூலைப் பற்றித் தாமே பேசுவது தற்பெருமை எனச் சிலர் நாணுவர். நூல் வெளிவந்த செய்தியை அறிவிப்பது தற்பெருமையன்று, கடமையேயாகும். சாமிநாதையரும் அன்பர்களிடம் முன்னதாகவே கையொப்பம் பெற்று, நூலை வாங்குவோரைத் திரட்டினார். 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய 'தமிழ் முரசு' முதலில் ஒரு காசுக்கு விற்கப்பட்டது. உழைப்பாளியும் வாங்கத்தக்க விலையாதலால் அது எளியோரையும் சென்றடைந்தது. இன்று நூல் வெளியீட்டு விழா, பள்ளிகளிலும் நூலகங்களிலும் வாசிப்புக் கூட்டம், இதழ்களில் மதிப்புரை எனப் பல வழிகள் உள்ளன. விழாவில் மாலையும் பொன்னாடையும் மிகுந்து, நூலைப் படிப்போர் குறைந்தால் பயனில்லை. நூலை வாங்கிப் படித்து நேர்மையாகக் கருத்துரைக்கும் பத்து வாசகர், கைதட்டிக் கலையும் நூறு பேரினும் மேலானவர்.

காத்தல்

1886ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கு அச்சான ஒவ்வொரு நூலின் மூன்று படிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்திற்கு அனுப்பப்பட்டது. ஊரில் கரையானுக்கும் மழைக்கும் இரையான நூல்கள் கடல்கடந்த நாட்டில் உயிர்பிழைத்தமைக்கு இவ்வேற்பாடே காரணம். இக்காலத்தில், வெளியான நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். இதனைச் சுமையென எண்ணலாகாது. நூறாண்டு கழித்து வரும் வாசகனுக்கு நாம் அனுப்பும் அஞ்சல் அது.

மாணவச் செல்வங்களே! உங்கள் பள்ளி ஆண்டு மலரும் ஒரு நூலே. அதில் உங்கள் பெயரோடு வரும் பத்து வரிகள் உங்கள் முதற்பதிப்பாகும். ஆகவே பிறர் எழுதியதைப் பார்த்தெழுதாமல் சொந்தமாக எழுதுங்கள். பிழை நீக்கிக் கொடுங்கள். மலர் கைக்கு வந்ததும் வீட்டிலுள்ள பெரியோர்க்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு படியைப் பத்திரமாக வையுங்கள். எழுதுவோர் பெருகட்டும், அவரினும் படிப்போர் பெருகட்டும்! நம் தமிழ் இம்மண்ணில் நிலைபெற அதுவே வழி.