ஆறாம் ஆண்டுக்குப் பின்: பாடாங் செராய் மாணவர்க்கான துணைச்சேவைகள்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்திலுள்ள பாடாங் செராய் வட்டாரத்தில் ஹென்ரியட்டா, விக்டோரியா முதலிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர்கள் மாணவரின் குடும்பச் சூழலையும் அறிந்திருப்பர். ஆறாம் ஆண்டுக்குப் பின் மலாய்மொழிவழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர், பயிற்றுமொழி மாற்றத்தையும் அவ்வரவணைப்பின் இழப்பையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர்.

2003இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றது. 2025இல் நாடாளுமன்றம் அதனை இடைநிலைக்கும் விரிவாக்கியது. எனினும் சட்டத்தால் மட்டும் மாணவரின் ஈடுபாடு நிலைபெறாது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம், பாடத்துணை வகுப்புகளோடு 'கல்வி யாத்திரை' வாயிலாகப் பெற்றோரையும் பிள்ளைகளின் கல்வியில் இணைத்தது.

இடைநிலைப்பள்ளி ஆலோசனை ஆசிரியர்கள் மாணவரின் மனநலனையும் கவனிக்கும் பொறுப்புடையோர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தாம் அறிந்த மாணவர் நிலையைப் பெற்றோரின் இசைவுடன் அவர்களிடம் தெரிவிப்பாராயின், இடைநிற்றலுக்கு முன்னரே துணை கிட்டும்.