மிளகாய் மூட்டை முதல் கல்லாப்பெட்டி வரை

“வாங்கும்போதே லாபம்” என்பது நம் கடைத்தெருவில் வழங்கும் பழைய சொல். மூட்டையாக வாங்கிச் சில்லறையாக விற்பவருக்கு அது பொருந்தும். மசாலாப் பொடி, மாவு, அப்பளம் என்று தாமே தயாரித்துத் தம் கடையிலேயே விற்பவருக்கு அது பாதி உண்மைதான். பிப்டிக் தொழில் வளர்ச்சி மையம் அமைந்துள்ள போலகம் போன்ற ஊரில் தயாரிப்பில் இறங்க எண்ணும் வணிகர்கள் மீதிப் பாதியையும் அறிந்துகொள்வது நல்லது.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1985-இல் எழுதிய நூலில் இதற்கு “மதிப்புச் சங்கிலி” என்று பெயரிட்டார். சரக்கு வரவு, தயாரிப்பு, சரக்கை அனுப்புதல், விற்பனை, விற்ற பிறகு செய்யும் சேவை ஆகிய ஐந்தும் முதன்மைக் கண்ணிகள். கொள்முதல், தொழில்நுட்பம், ஆள் நிர்வாகம், பொது நிர்வாகம் ஆகிய நான்கும் துணை நிற்பவை. ஒவ்வொரு கண்ணியிலும் செலவு எவ்வளவு, வாடிக்கையாளர் அதற்காகக் காசு தருவாரா என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

ஒரு கணக்கு

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். 100 கிலோ மிளகாய் வற்றல், கிலோ 200 ரூபாய் வீதம் 20,000 ரூபாய். காம்பு நீக்கிக் காயவைத்தால் 88 கிலோ, அரைத்தபின் 86 கிலோ. அரவைக்கூலி 880, வண்டிவாடகை 400, ஆள்கூலி 1,200, 860 பொட்டலங்களுக்கு உறை 860. ஆக அடக்கம் 23,340 ரூபாய். 100 கிராம் பொட்டலம் 30 ரூபாய்க்கு விற்றால் 25,800 ரூபாய். மிச்சம் 2,460.

அதே மிளகாயைக் காம்பு நீக்கி, நன்கு காய்ந்ததாகக் கிலோ 208 ரூபாய்க்கு வாங்கினால்? 800 ரூபாய் கூடுதல்தான். ஆனால் அரவைக்கு 94 கிலோ போய், பொடி 92 கிலோ கிடைக்கும். அரவைக்கூலி 940, உறை 920, மற்றவை அதேபடி, அடக்கம் 24,260. விற்பனை 27,600. மிச்சம் 3,340. விலை கூட்டி வாங்கியதால் 880 ரூபாய் லாபம் கூடியிருக்கிறது. ஆள்கூலி குறைந்தால் அதுவும் மிச்சம்.

இனி விற்பனைக் கண்ணி. முதல் கணக்கில் 20 பொட்டலம் வண்டு விழுந்து வீணானால் 600 ரூபாய் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு இரண்டு மாதம் கடன்பாக்கியாக நின்றால், மாதம் 2 வட்டிக்கு 344 ரூபாய். 2,460 என்று எண்ணியது 1,516-ஆகச் சுருங்கிவிடும்.

எல்லையும் ஒரு கண்ணி

போலகத்துக்கு நாகூர் பக்கத்து ஊர். ஆனால் அது தமிழ்நாடு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின், அங்குள்ள கடைக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை. விற்றுமுதல் சிறிதாயினும் பதிவு தேவை. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர் அவ்வாறு அனுப்ப இயலாது. இந்தச் செலவையும் சேர்த்தே பொட்டலத்துக்கு விலை வைக்க வேண்டும்.

அருண் காட்டிய வழி

திரு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் சென்னை இராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலுடன் ஐஸ்கிரீம் தயாரிக்கத் தொடங்கினார். நகரத்துக் கடைகளில் பெரிய நிறுவனங்கள் ஊன்றியிருந்தன. அவர் சிறிய ஊர்களை நாடி, அருண் ஐஸ்கிரீம் மட்டும் விற்கும் பார்லர்களை உருவாக்கினார். ஐஸ்கிரீமுக்கு வழியில் குளிர் குறைந்தால் ஆலையின் உழைப்பெல்லாம் வீண். ஆகவே தயாரிப்பு, அனுப்புதல், கடை மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டியிருந்தது. அந்நிறுவனமே ஹட்சன் என வளர்ந்து, 1995-இல் ஆரோக்யா பாலையும் கொண்டுவந்தது.

நாம் செய்ய வேண்டியது

பேரேட்டில் கொள்முதல், விற்பனை என இரண்டு பக்கம் மட்டும் போதாது. எடைக்குறைவு, கூலி, உறை, வண்டி, வீண், கடன்பாக்கி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி போட்டு மூன்று மாதம் எழுதுவோம். எங்கே ஒழுகுகிறது என்பதை அந்த ஏடே சொல்லிவிடும். விலையைக் கூட்டுவதற்கு முன் அந்த ஓட்டையை அடைப்போம். வாடிக்கையாளரும் நம்மோடு நிலைப்பார்.