ஆடவல்லான் மரக்காலும் சி-டைப் பின்னும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படிக்கிறவர்கள், முதலாம் ராஜராஜன் அளித்த நிவந்தங்களின் பெருமையில் மனத்தைப் பறிகொடுத்து, அவை எந்தக் கருவிகொண்டு அளக்கப்பட்டன என்பதை எழுதிவைத்த சிரத்தையைக் கவனியாமல் போய்விடுவதுண்டு. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், ரத்தினங்களைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தார்கள். நெல்லை அளந்ததோ, ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பான ஆடவல்லான் மரக்காலால். சோழமண்டலத்தின் பல ஊர்களிலிருந்து வந்து சேரும் நெல்லை ஒரே கணக்கில் வரவுவைக்க வேண்டுமானால், அளவுக்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்குப் பொறுப்பேற்கும் ஓர் அதிகாரமும் இருந்தே தீரவேண்டும் என்பது அக்காலத்துக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே காவிரி நாட்டில், சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுத் தம் முறை வரும்வரை இரவெல்லாம் காவல் கிடக்கும் விவசாயிகளிடையே, கைப்பேசி வந்த புதிதில் ஒரு சம்பாஷணை சர்வசாதாரணமாய்க் காதில் விழும். "சின்ன பின் சார்ஜர் இருக்கா அண்ணே?" என்பார் ஒருவர், "நம்மளுது பெரிய பின்னு தம்பி" என்று பதில் வரும். இத்தனைக்கும் இருவர் கையிலும் இருப்பது நோக்கியாதான். ஒரே கம்பெனி தன் பழைய பின்னைவிடச் சிறிய பின்னுக்கு மாறியதன் பலன், மின்சாரம் இருந்தும் அதைப் பெறுவதற்கு வழியில்லாத நிலைமை.

இந்த அவஸ்தைக்கு முதலில் பரிகாரம் தேடிய பெரிய ராஜ்யம் சீனா; 2006-லேயே அங்கே கைப்பேசி சார்ஜர்களுக்குப் பொது விதி வகுக்கப்பட்டது. ஐரோப்பியர்கள் 2009-ல் கம்பெனிகளின் சம்மதத்தோடு மைக்ரோ யூஎஸ்பியை ஏற்கச் செய்து பார்த்தார்கள். சம்மதம் என்பது சௌகரியப்பட்டவரை மட்டும் செல்லுபடியாகும் சரக்காகையால், 2022-ல் சட்டமே இயற்றினார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாய் விற்பனைக்கு வரும் கைப்பேசி, டிஜிட்டல் கேமரா, காதொலிக் கருவி முதலியவற்றில் சி-டைப் துவாரம் இருந்தாகவேண்டும். நம் தேசத்திலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் சி-டைப்புக்கான தரத்தைப் பிரசுரித்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியும் தன் பிரத்தியேகத் துவாரத்தைக் கைவிட்டு, ஐபோனில் சி-டைப்பை வைத்தது.

இந்த விஷயத்தில் துவாரத்தின் வடிவம் பாதிதான். மறுபாதி, சார்ஜரும் கருவியும் ஒன்றோடொன்று நடத்தும் பேச்சுவார்த்தை. சி-டைப் துவாரத்தில் 24 தொடுமுனைகள் உண்டு. எப்படித் திருப்பிச் செருகினாலும் சேரும்படி அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வழியாக, "எதிர்முனையில் யாரேனும் இருக்கிறார்களா?" என்று சார்ஜர் முதலில் விசாரிக்கிறது, குறிப்பிட்ட மின்தடை புலப்பட்ட பிறகே 5 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. பிறகு, தன்னால் 9, 15, 20 வோல்ட் வரை தரமுடியும் என்று அது அட்டவணையை நீட்ட, கருவி தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கைப்பேசிக்கு அளவாய்த் தரும் அதே சார்ஜர் மடிக்கணினிக்கு 100 வாட் தருவதும், எதுவும் கருகாமலிருப்பதும் இந்த ஏற்பாட்டினால்தான். கம்பெனிகள் தத்தம் அதிவேக சார்ஜிங்குக்கென்று தனி ரகசிய பாஷை வைத்திருப்பது வேறு கதை. பொது சார்ஜரில் அவர்களுடைய கைப்பேசிகளும் மெதுவாகவேனும் ஏறிவிடும்.

சார்ஜருக்கு விமோசனம் கிடைத்துவிட்டது, பாட்டரிக்குத்தான் கிடைக்கவில்லை. கும்பகோணத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் படமெடுக்க வந்தவரின் பையைத் திறந்து பார்த்தால் இந்த முரண்பாடு முழுமையாய்த் தெரியும். அவருடைய ஃபிளாஷ், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் நாலு பென்டார்ச் கட்டைகளைப் போட்டால் எரியும். எந்தக் கம்பெனிக் கட்டையாயினும் குறுக்களவு 14.5 மில்லிமீட்டர், நீளம் 50.5 மில்லிமீட்டர். இரவில் வாய்க்கால் முறைத் தண்ணீருக்குப் போகிறவர் கையிலுள்ள மூணு கட்டை டார்ச்சுக்கும் இதே நியாயந்தான். அதே பையிலுள்ள கேமராக்களோ வேறு ஜாதி. கேனானின் எல்பி-ஈ6 பாட்டரி 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் மணி. நிக்கானின் ஈஎன்-ஈஎல்15 பாட்டரி 7 வோல்ட், 1900. உள்ளே இரண்டிலும் லித்தியம் கட்டைகள் இரண்டிரண்டு தொடராய்க் கிடக்கின்றன. வெளிக்கூடு மாத்திரம் ஒன்றுக்கொன்று பகை.

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் சமாதானத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. சாதாரண லித்தியம் கட்டையில் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால், ஏற்கும் முனையில் லித்தியம் உலோகமாகவே படிந்து, உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, தீப்பற்றவும் கூடும். ஆகவேதான் இரண்டு துருவங்களோடு, உஷ்ணத்தைத் தெரிவிக்கவும், தான் யாரென்று அடையாளம் சொல்லவும் உபரியான தொடுமுனைகளை வைக்கிறார்கள். உஷ்ணத்தைத் தெரிவிப்பது பாதுகாப்பு, ஒப்புக்கொள்ளலாம். அடையாளம் சொல்வது பெரும்பாலும் வியாபாரம் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் செய்யாததை ஒரு விபரீத சந்தர்ப்பம் செய்துகாட்டியதுமுண்டு. நோக்கியாவின் பிஎல்-5சி பாட்டரி 3.7 வோல்ட், தீப்பெட்டியைவிட மெல்லியது. 2007 ஆகஸ்டில், ஜப்பானிய மத்ஸுஷிதா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பாட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே எச்சரித்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய அதன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பாட்டரி பிழைத்துக்கொண்டது. பக்திப் பாட்டு ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரும், எஃப்எம் பெட்டியும் அந்தக் கூட்டுக்கேற்பக் குழியமைத்து வரத் தொடங்கின. பாட்டரி உப்பிவிட்டால், கடைத்தெருவில் யாருடைய பெயர் அச்சிட்டதையும் வாங்கிப் போடலாம். ஆனால், வடிவம் ஒன்றாயிருப்பினும், உள்ளே இருக்கும் கொள்ளளவு மேல்தாளில் அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்குமென்ற நிச்சயம் வாங்குகிறவருக்கு இல்லை. படியின் உருவம் இருந்தது, முத்திரை இல்லை.

இந்தியாவில் விற்கும் இத்தகைய பாட்டரிகள் ஐஎஸ் 16046 என்னும் விதிப்படி பரீக்ஷிக்கப்பட்டு, ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் பெறவேண்டும் என்பது ஏற்கெனவே கட்டாயம். அது தீ, வெடிப்பு முதலிய ஆபத்துக்களைப் பற்றிய விதி. கேமராவுக்கென்று இரண்டு, கைப்பேசிக்கென்று மூன்று என நீள அகலங்களை நிர்ணயித்து, துருவங்களின் ஸ்தானத்தையும் அச்சிடும் கொள்ளளவின் சத்தியத்தையும் தனியொரு விதியில் கொண்டுவருவதற்கு ரசாயனம் எவ்வகையிலும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது, உதிரிப் பாட்டரி விற்றுக் கிடைக்கும் லாபம்.