காரத்தன்மை உணவும் சத்து மாத்திரைகளும்

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

சமீப மாதங்களில் உங்களில் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறீர்கள்: "டாக்டர், நாங்கள் காரத்தன்மை உணவு சாப்பிடுகிறோம். அதோடு சத்து மாத்திரையும் எடுக்கலாமா?" ஒரு சபையார் அன்பினால் ஏவப்பட்டு, நம் நோயாளிகளுக்கென்று ஒரு பெட்டி நிறைய 'ஆல்கலைன்' பொடி டப்பாக்களையே அனுப்பிவிட்டார்கள். அவற்றை நாங்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்வது எங்கள் கடமை.

காரம் என்றதும் மிளகாய் நினைவுக்கு வரும். இது அதுவல்ல, அமிலத்துக்கு எதிரான குணம், ஆப்ப சோடாவிலும் சுண்ணாம்பிலும் இருப்பது. இறைச்சி, மீன், முட்டை, அரிசி இவை உடம்பில் அமிலத்தை மிச்சம் வைக்கும், கீரையும் கனிகளும் காரத்தை மிச்சம் வைக்கும் என்பது ஓரளவு உண்மையே. எலுமிச்சை நாவில் புளித்தாலும், உடம்பில் எரிந்தபின் காரமே மிஞ்சுகிறது. ஆனால் இதனால் இரத்தமே மாறிவிடும் என்பது தவறு. 7 என்பது நடு அளவு. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் இரத்தம் எதைச் சாப்பிட்டாலும் 7.35க்கும் 7.45க்கும் நடுவிலேயே நிற்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது, சிறுநீரகங்கள் மிஞ்சிய அமிலத்தைக் கழிக்கின்றன. சிறுநீரில் காகிதத்தை நனைத்து நிறம் பார்க்கிறவர்கள் காண்பது சிறுநீரகத்தின் உழைப்பை. இரத்தத்தின் நிலையை அல்ல.

தானியேலை எடுத்துக்காட்டி எழுதியவர்களும் உண்டு. கீரையும் காயும் கூட்டிச் சாப்பிடுவதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவர் பொடி கரைத்துக் குடித்ததாக வேதத்தில் காணோம்.

நம் பிரசவ வார்டுக்கு வந்த ஒரு தாயாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அரசு கொடுக்கும் சத்து மாத்திரையை (அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு) ஒரு நாளும் தவறவிடவில்லை என்றார். ஆனாலும் முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நம் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று, உறவினர் கொடுத்த காரப் பொடியைக் கரைத்து உடனே குடித்து வந்திருக்கிறார். அமிலம் என்று பயந்து முட்டையையும் மீனையும் விட்டு வெகுநாளாயிற்று.

இரும்பு வயிற்றின் அமிலத்தில் கரைந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். அமிலத்தைப் பொடி அணைத்துவிட்டால், விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிவிடும். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் போனாலும் உயிருக்கே ஆபத்து. பொடியை நிறுத்தினோம். மாத்திரையை எலுமிச்சை ரசத்தோடு எடுக்கவும், காப்பி தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கவும், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றவும் சொன்னோம். முட்டையும் திரும்பத் தட்டுக்கு வந்தது. கர்த்தருடைய கிருபையால் தாயும் பிள்ளையும் சுகமாக வீடு திரும்பினார்கள்.

மாமிசம், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு ஒரு சத்து கட்டாயம் வெளியிலிருந்து வேண்டும்: வைட்டமின் பி12. அது கீரையிலோ காயிலோ கிடையாது. குறைந்தால் சோகை வரும், பாதம் மரத்துப்போகும், ஞாபகம் மங்கும். இதற்கு மாத்திரை சாப்பிடுவது நல்லதே. ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் சோகை மறைந்து, நரம்பின் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கலாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் நாலு மணி நேரம் தள்ளியே எடுக்கவேண்டும். காரப் பொடிகள் சிலவற்றில் பொட்டாசியம் உப்பு இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இருதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டியில் 1,200 மி.கி.க்கு மேல் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கே 2,000 மி.கி.க்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு நாங்களே சோடா மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் இரத்தத்தைச் சோதித்து, அளவு பார்த்துத்தான்.

இந்த முறையை நூல்கள் எழுதிப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக 2016இல் கலிஃபோர்னியாவில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் இதை நம்பி மருந்தை நிறுத்தியவர் உங்கள் சபையில் யாராவது இருந்தால், தயவுசெய்து தாமதமின்றி அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாப்பிடும் டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். பெயர் சொன்னால் போதாது. சீட்டைப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

பொடி அனுப்ப விரும்பும் பங்காளர்கள் அந்தத் தொகையைப் பிரசவ வார்டின் முட்டைச் செலவுக்கென்று குறித்து அனுப்புங்கள். வெளுத்த முகத்தோடு வருகிற தாய்மாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவ அலுவலர்