படிப்பவர்க்கு உரிய பக்கம்

தாமிரபருணியின் வடகரையில் உள்ளது ஸ்ரீவைகுண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி இவ்வூருக்கும், அக்கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். அக்காலத்து ஏடுகள் காண இனியவை; ஒழுங்குற நறுக்கிய ஓலையில் எழுத்துகள் மணிகோத்தாற்போல இடைவெளியின்றி ஓடும். படிப்பதோ பெரும்பாடு. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி இடமாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரு வடிவின. நெடிலுக்குரிய காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதே ஓர் ஆராய்ச்சி. எழுதினோர்க்கு மிச்சமான உழைப்பெல்லாம் படிப்போர் தலையில் விழுந்தது. அவ்வுழைப்பைத் தாமே ஏற்று, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் பிறரும் படிக்கத்தக்க அச்சுநூல்களாக்கினார் ஐயர்.

இந்நாளில் செய்தி வேண்டுவோர் பெரும்பாலும் கைப்பேசியில் இணையப் பக்கத்தைத் திறக்கின்றனர். அப்பக்கத்தை அமைப்பவர் முன்னும் அதே வினா நிற்கிறது: உழைக்கவேண்டியவர் அமைப்பவரா, படிப்பவரா?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிடவே, பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்தனர். அத்தகைய வேளையில் மின்சாரம் இராது. கைப்பேசியில் எஞ்சிய மின்னாற்றலோ சிறிது. தொடர்பும் விட்டுவிட்டு வரும். அந்நிலையில் ஒருவர் வெள்ள அறிவிப்புப் பக்கம் ஒன்றைத் திறப்பதாகக் கொள்வோம். முகப்பில் பெரிய வண்ணப்படமும் அசையும் காட்சியும் முன்னதாக வந்திறங்குமாறு அமைத்திருந்தால், உதவிக்குரிய தொலைபேசி எண் தோன்றுமுன் தொடர்பு அறுந்துவிடும். 2017இல் இர்மா என்னும் சூறாவளி அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, சி.என்.என்., என்.பி.ஆர். ஆகிய செய்தி நிறுவனங்கள் படங்களை நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட பக்கங்களை மக்களுக்கு அளித்தன. அவை பார்வைக்கு வறியவை. ஆயினும் நலிந்த தொடர்பிலும் விரைந்து திறந்தன.

அழகே வேண்டா என்பது இதன் கருத்தன்று. தமிழெழுத்தையே நோக்குக. கி, கீ என்பவற்றின் விலங்கு மேலே வளையும். கு, கூ போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத்திற்கு அளந்த வரியிடைவெளியைத் தமிழுக்கும் இட்டால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். சற்றே இடம்விட்டால் பக்கம் அழகும் பெறும், கண்ணும் களைப்புறாது. நிறமும் அவ்வாறே. வெண்மையின்மேல் மங்கிய சாம்பல்நிற எழுத்து அறைக்குள் நயமாகத் தோன்றலாம். உச்சிவெயிலில் கடற்கரையில் நின்று காற்றின் வேகம் அறிய முயலும் மீனவர்க்கு அது வெற்றுத்தாள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்று உலக இணையத் தரங்கள் வரையறுத்துள்ளன.

இன்னொரு வழக்கம் உண்டு. அது தமிழ்த் தளங்களில் மிகுதி. அறிவிப்பை அலங்கார எழுத்தில் வரைந்து, படமாக ஒட்டிவிடுவார்கள். பார்வையற்றோர்க்கு உரக்கப் படித்துக் காட்டும் கணினி நிரல், படத்திலுள்ள சொற்களைப் பெரும்பாலும் அறியாது. தேடுபொறிக்கும் அவை எளிதில் அகப்படா. அச்சொற்களையே ஒருங்குறி எழுத்தில் அமைத்து, அழகிய எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து உடுத்தினால் அலங்காரமும் குறையாது; கண்ணில்லாதவரும் அவ்வறிவிப்பைச் செவியால் படிப்பர்.