வருகைப் பருவத்தின் அகலம்

மியான்மரின் யாங்கோனிலிருந்து பகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தன்லியின். பிரித்தானியர் காலத்தில் சிரியம் என்று பெயர்பெற்ற எண்ணெய் ஆலை ஊர். அங்கே ஒரு தமிழ் வீட்டுத் திண்ணையை எண்ணிப் பாருங்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய இரு குழந்தைகள் ஒரே பாயில் இருக்கின்றன. இருவருக்கும் 11 திங்கள். ஒன்று முக்காலியைப் பற்றி எழுந்து, கால்விரல்களைத் தரையில் ஊன்றி, ஒரு கையை மெல்ல விட்டுப் பார்க்கிறது. மற்றொன்று உட்கார்ந்தபடியே ஒரு மூடியைக் கிண்ணத்தில் போட்டு எடுக்கிறது. “எங்க பேரன் இந்நேரம் நடந்துட்டாம்மா” என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. இரண்டாம் குழந்தையின் தாய்க்கு அன்றிரவு உறக்கம் போயிற்று.

அந்தத் தாய்க்கு அறிவியல் தரும் விடை பெரிது. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்கு வளர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. பற்றுக்கோடின்றி உட்காரும் காலம் 3.8 முதல் 9.2 திங்கள் வரை விரிந்து கிடந்தது. தனியே நிற்பது 6.9 முதல் 16.9 வரை, தனியே நடப்பது 8.2 முதல் 17.6 வரை. நடையின் சராசரி ஏறத்தாழ 12 திங்கள்தான். ஆயினும் இயல்பான நடைக்குரிய வாயில் ஒன்பது திங்களுக்கும் மேல் அகன்று நிற்கிறது. அந்த வாயிலுக்குள் எந்த இரு குழந்தைகளை நிறுத்தினாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அந்த இடைவெளியிலிருந்து எவரது எதிர்காலத்தையும் படிக்க இயலாது.

அவ்வாய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போயின. “கொழுத்த பிள்ளை நடக்கச் சுணங்கும்” என்ற நம்பிக்கைக்கும் அதில் வலுவான சான்று கிடைக்கவில்லை. உடலின் அளவுக்கும் இத்திறன்கள் கைவரும் காலத்துக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை.

நம் பிள்ளைத்தமிழ் மரபும் இவ்வளர்ச்சியை உற்று நோக்கியதுதான். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் திங்கள்; கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் திங்கள்; தளர்நடையாய் வரச்சொல்லி அழைக்கும் வருகைக்கு ஓராண்டை ஒட்டிய காலம். எத்தனை நுட்பமான கண்கள்! அவை ஒரு புள்ளியைக் குறித்தன. இன்றைய அளவீடு அப்புள்ளியின் இருபுறமும் எவ்வளவு இடம் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்கிறது.

பேச்சில் ஒப்பீடு இன்னும் தவறிழைக்கும். தன்லியினில் ஒரு குழந்தை பாட்டியிடம் ‘தண்ணி’ என்றும், தெருவில் பர்மியத்தில் ‘யே’ என்றும் கேட்டு வளரும். அது சொல்லும் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணி, ஒருமொழி கேட்டு வளரும் குழந்தையோடு நிறுத்தினால் கணக்கே பிழை. இரு மொழிச் சொற்களையும் கூட்ட வேண்டும். அதேபோல், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறக்க வேண்டிய நாளிலிருந்து அகவையைக் கணக்கிட வேண்டும். இரண்டு அகவை வரை இவ்வழக்கம் பொருந்தும்.

இதைச் சொல்லி எல்லாவற்றையும் “தானாச் சரியாயிடும்” என்று விடுவதை நான் ஏற்கமாட்டேன். 18 திங்கள் ஆகியும் தனியே நடக்காத குழந்தையையும், விரலால் எதையும் சுட்டிக்காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்பு பேசிய சொல்லையோ சிரித்த சிரிப்பையோ இழந்துவரும் குழந்தையை எந்த அகவையிலும் உடனே காட்ட வேண்டும். இதற்கெனவே திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் 17 திறன்களைக் கொண்ட எளிய அட்டவணை ஒன்றை உருவாக்கியது. பிறப்பு முதல் இரண்டு அகவை வரைக்கும் அது பயன்படும். அண்டை வீட்டுப் பேரனைவிட அத்தகைய அட்டவணை நேர்மையான அளவுகோல்.

நடக்கத் தொடங்கிய குழந்தைகளை நியூயார்க்கில் உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் கண்காணித்தபோது, ஒரு மணிநேரத்தில் சராசரியாக 2,368 அடிகளும் 17 விழுதல்களும் எண்ணினர். நடை என்பது இத்தனை ஒத்திகைகளால் கூடிவருவது. எழுந்து நின்ற முதல் குழந்தைக்கும் அவை காத்திருக்கின்றன.

அந்தத் தாய் மறுநாள் காலையில் பாயருகே உட்கார்ந்து மகனையே பார்க்கட்டும். சென்ற திங்கள் அவன் அந்த மூடியை வாயில் வைத்துக் கடித்தான். இன்று கிண்ணத்துள் போட்டு, குனிந்து எட்டிப் பார்த்து, விரல் நுழைத்து எடுத்து, அம்மாவிடம் நீட்டுகிறான்.